பூட்டிய அலமாரி படிப்பகம் ஆகாது

(தோட்டப் படிப்பகத் திறப்பு நாளன்று தொழிற்சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

காலியாகக் கிடந்த லயத்து வீடொன்றைக் கேட்டு வாங்கி, ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, பழைய பலகையை அறுத்து நீங்களே அலமாரி செய்து, இன்று அதைப் படிப்பகம் ஆக்கியிருக்கிறீர்கள். இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த இளைஞர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட நாங்கள் வரவில்லை. திறப்பு விழா நடத்துவது எளிது. இன்றைக்கு ஆறாவது மாதம் இந்தக் கதவு திறந்திருக்குமா என்பதே கேள்வி. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்தோம்.

பல தோட்டங்களிலும் தோட்டப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் நாங்கள் கண்ட காட்சி ஒன்று உண்டு. மண்டபத்தின் மூலையில் கண்ணாடி போட்ட அலமாரி நிற்கும். உள்ளே ஐம்பது அறுபது புத்தகங்கள் இருக்கும். வெளியே பூட்டுத் தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால், "முன்னாள் செயலாளரிடம்" என்பார்கள். அவரோ தோட்டத்தை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். உள்ளே இராமபாணமும் கரையானும் மட்டும் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும். இதற்கு நாம் படிப்பகம் என்று பெயர் வைத்து, ஆண்டறிக்கையிலும் எழுதிவிடுகிறோம்.

தோழர்களே, புத்தகம் இருப்பதால் மட்டும் ஓர் அறை படிப்பகம் ஆகிவிடாது. அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்து நாள்தோறும், வாரந்தோறும் வேலை நடக்க வேண்டும். பால்குடி மறவாத குழந்தைக்கும் அங்கே ஒரு வேலை வேண்டும். பல் போன பாட்டிக்கும் ஒரு வேலை வேண்டும். அப்படி நடந்தால் அது நிலைக்கும். நடக்காவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் இந்த அறை மண்வெட்டியும் தகரமும் போட்டு வைக்கும் கொட்டகையாகிவிடும்.

நம் முன்னோர் கொடுத்த வெள்ளி

தோட்டத்து மக்களுக்குப் புத்தகம் எதற்கு என்று ஏளனமாகக் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காகக் கொட்டகை போட்டவர்கள் உண்டு. அதற்கு மேல் ஒரு நூல் நிலையம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எனவே அதை நம்மவர்கள் தாமாகவே செய்துகொண்டார்கள். எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிக்க, இருபது பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அதுதான் நம் முதல் நூல் நிலையம். கூரை கிடையாது, அலமாரி கிடையாது, வேலை நடந்தது.

இன்னொரு செய்தியும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1950-களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, அங்கே அமையவிருந்த இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்ற கவலை எழுந்தது. அப்போது 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்ப்பதற்கான நிதி அது. படித்தவர்களும் வணிகர்களும் கொடுத்தார்கள். கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். தாங்கள் ஒருநாளும் நுழையப் போகாத ஒரு நூலகத்துக்கு, தங்களால் படிக்க முடியாத புத்தகங்களுக்குக் கொடுத்தார்கள். 1956-இல் அத்துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. அங்கே படித்துப் பட்டம் பெற்றவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு.

எங்கோ இருந்த நூலகத்துக்கே அப்படிக் கொடுத்த மக்கள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் தங்கள் படிப்பகத்தை வாழவைக்க மாட்டார்களா? வாழவைப்பார்கள். ஆனால் அது தங்களுக்குரியது என்ற எண்ணம் அவர்களுக்கு வர வேண்டும்.

வாசகரைத் தேடிப் போன வண்டி

நூலகம் எப்படி நடக்க வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர் ஒரு தமிழர். தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்கள். 1931-இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பெரிய படிப்பாளிகள் கையாளும் அந்த விதிகளை நம் வீட்டுப் பேச்சில் இப்படிச் சொல்லலாம். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் படிக்க. எந்த ஆளுக்கும் அவருக்கேற்ற புத்தகம் ஒன்று உண்டு. எந்தப் புத்தகத்துக்கும் அதைத் தேடும் ஆள் ஒருவர் உண்டு. படிக்க வந்தவரின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி நிறையப் புத்தகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். வயலில் வேலை செய்பவன் நூலகத்துக்கு வர முடியாது என்றால், நூலகம் அவனிடம் போகட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் அந்தத் தஞ்சை மண்ணிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த வண்டியின் கருத்து நமக்கும் உரியதுதான்.

ஆகவே முதற் கேள்வி, இந்தப் படிப்பகம் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பது. டவுனில் உள்ள நூலகம் அலுவலக நேரத்தில் திறந்திருக்கும். அந்த நேரத்தில் நாம் வேலைக்காட்டில் நிரை பிடித்து நிற்போம். நமக்கு நம் நேரம் வேண்டும். பிற்பகல் நான்கு மணி முதல் ஆறு மணி வரை பிள்ளைகளுக்கு; இரவு ஏழரை முதல் ஒன்பது வரை பெரியவர்களுக்கு; ஞாயிறு காலையில் எல்லாருக்கும். இதோடு இன்னொரு விதியும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மழை பிடித்து, பட்டை நனைந்து, இன்று வெட்டு இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே சாவிக்காரர் வந்து கதவைத் திறக்க வேண்டும். மழை நாளில் வருமானம் போகிறது, படிப்பாவது கிடைக்கட்டும். மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களிலும் அப்படியே.

ஆயாக் கொட்டகை முதல்

இனி வயது வாரியாக என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

சிறு குழந்தைகளிலிருந்து தொடங்குவோம். தாய் வேலைக்காட்டுக்குப் போனால் குழந்தை ஆயாவிடம் இருக்கும். அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் நம் படிப்பகத்திலிருந்து படப் புத்தகங்கள் நாலைந்து போகட்டும். குழந்தை கிழித்துவிடுமே என்றால், கிழிக்கட்டும். கிழிந்த புத்தகத்தை ஒட்டலாம். புத்தகத்தைத் தொடாமலே வளர்ந்த பிள்ளையைப் பிறகு திருத்துவது கடினம். மாதத்துக்கு ஒருநாள் பாட்டிமார் வந்து தாங்கள் அறிந்த கதைகளையும் தாலாட்டுகளையும் சொல்லட்டும். அந்தப் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது என்று கவலைப்பட வேண்டாம். அவரே ஒரு புத்தகம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் அரைமணி நேரம் வாசிப்பு. ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளை முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும். இதில் இருவருக்கும் லாபம். தமிழும் மலாயும் இரண்டும் படிக்கட்டும். பால் வெட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம்; நாள் தவறாமல் மெல்லிசாகச் சீவினால் வருஷக்கணக்கில் பால் தரும். பிள்ளையைப் பரீட்சைக்கு முந்திய மாதம் அடித்து உட்கார வைப்பதை விட, தினம் அரைமணி நேரம் அன்போடு உட்கார வைப்பது நல்லது.

அதோடு மாதம் ஒருமுறை பிள்ளைகளே எழுதி, படம் வரைந்து, கையெழுத்து ஏடு ஒன்று வெளியிடட்டும். 1950-களில் 'தமிழ் முரசு' நடத்திய மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் தலையெடுத்தார்கள். பிள்ளை தன் பெயரை ஓர் ஏட்டில் பார்க்கும்போது அதற்கு வரும் தெம்பு, பரிசுக் கிண்ணத்தால் வராது. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. தோட்டங்கள் கைமாறியும் அழிந்தும் போனதில் சிறு பள்ளிகள் பல மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் போயின. பிள்ளைகள் இன்று பஸ் ஏறித் தூரத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். பள்ளி தூரமாகிவிட்ட தோட்டத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கக்கூடியது படிப்பகம் ஒன்றுதான்.

அடுத்து இளைஞர்கள். ஐந்தாம் படிவம் முடித்த பையனும் பெண்ணும் அடுத்து என்ன படிக்கலாம், எந்தத் தொழிற்பயிற்சிக் கழகத்துக்கு எப்போது மனுப் போட வேண்டும், உதவிச் சம்பளத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாமலே அந்த வருஷத்தை விட்டுவிடுகிறார்கள். கைப்பேசி எல்லாரிடமும் இருக்கிறது. கெடு முடிந்த பிறகுதான் செய்தி காதுக்கு வருகிறது. படிப்பகச் சுவரில் ஒரு பலகை வையுங்கள். மனுக்களின் கடைசி நாளைப் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். மனு நிரப்பத் தெரிந்த ஒருவர் சனிக்கிழமை மாலை அங்கே உட்காரட்டும். மாதம் ஒரு பட்டிமன்றம் நடக்கட்டும். மேடையில் நின்று நாலு பேர் முன்னால் பேசப் பழகியவனை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

நம் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆண் வேலை முடிந்து வந்தால் முகம் கழுவிவிட்டுப் படிப்பகத்துக்குப் போகலாம். பெண்ணுக்கோ வேலைக்காட்டில் ஒரு பெரட்டு, வீட்டில் இன்னொரு பெரட்டு. அடுப்பு, துணி, பிள்ளை, மாமியார் மருந்து என்று இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. அப்புறம், "பெண்கள் படிப்பகத்துக்கு வருவதில்லை, அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று அறிக்கை எழுதுகிறோம். இது நியாயமா?

ஆண் தோழர்களை வெளிப்படையாகவே கேட்கிறோம். வாரத்தில் ஒரு மாலை, அது வியாழன் ஆகட்டும், சோற்றை நீங்கள் வடியுங்கள். அந்த மாலையைப் பெண்களுக்கு என்று ஒதுக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அன்று எழுத்துக் கற்கட்டும். தெரிந்தவர் கதைப் புத்தகம் எடுக்கட்டும். கிளினிக்கில் கொடுக்கும் மருந்துச் சீட்டைப் படிக்கவும், பிள்ளையின் பள்ளி அறிக்கையைப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொடுங்கள். தையல் வகுப்பு வைத்தாலும் சரி. தைக்க வரும் கை நாளைக்குப் புத்தகத்தையும் எடுக்கும். படிப்பகச் செயலவையில் சரிபாதி இடம் பெண்களுக்கு வேண்டும். சாவி இரண்டு இருக்கட்டும். அதில் ஒன்று ஒரு பெண்ணிடம் இருக்கட்டும்.

காதால் படிப்பவர்கள்

எழுத்தறியாத பெரியவர்களுக்குப் படிப்பகத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கடல் கடந்த ஒரு தொழிலாளர் கதையைச் சொல்கிறோம். கியூபா நாட்டின் தலைநகரான ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகள் பல. 1865-இல் அங்கே சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். தங்கள் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தங்களுக்குப் படித்துக் காட்ட ஒருவரை அமர்த்தினார்கள். கைகள் சுருட்டுச் சுற்றும். உயரமான இடத்தில் அமர்ந்து அவர் பத்திரிகையும் கதையும் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவரும் உலகச் செய்தி அறிந்தார்கள். அடுத்த ஆண்டே ஆட்சியாளர் அதைத் தடை செய்தார். கேட்பதால் தொழிலாளிக்கு என்ன வருகிறது என்று தடை செய்தவருக்குத் தெரிந்திருந்தது! ஆயினும் அவ்வழக்கம் சாகவில்லை. தடை நீங்கி மீண்டும் தழைத்தது.

பால்மரக் காட்டில் ஆளுக்கொரு நிரையில் நிற்கும் நாம் அப்படிக் கேட்க முடியாது. ஆனால் இரவு எட்டு மணிக்கு இங்கே கேட்கலாம். வாரம் இரண்டு இரவு, உரக்கப் படிக்கும் ஒருவர் இருந்தால் போதும். முதலில் நாட்டுச் செய்தி, பிறகு ஒரு தொடர்கதை. மலேசிய எழுத்தாளர்கள் நம்மைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அ. ரெங்கசாமி அவர்களின் 'நினைவுச் சின்னம்' சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் மக்களின் கதை. சீ. முத்துசாமி அவர்களின் 'மண்புழுக்கள்' தோட்டத்து வாழ்க்கையின் கதை. இவற்றைப் படிக்கக் கேட்டால் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "எங்கப்பா சொல்லியிருக்கார்" என்று தொடங்குவார்கள். அப்போது இளைஞர்கள் கைப்பேசியில் அந்தப் பேச்சைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த லயம் எங்கே இருந்தது, எந்த வருஷம் எந்த வேலைநிறுத்தம், யார் கங்காணி, எங்கே கோயில், எங்கே கள்ளுக்கடை, இவை எந்த அரசாங்கப் புத்தகத்திலும் வராது. நாம் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை.

கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

பால் வெட்டுகிறவர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். படிப்பு பொழுதுபோக்குக்கு மட்டும் அல்ல. அது சோற்றுக்கும் சம்பந்தப்பட்டது. தோட்டம் விற்கப்படும்போது, வேலை போகும்போது, ஒரு தாளை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு" என்பார்கள். படிக்காமல் போட்டவர்கள் எத்தனையோ பேர். போட்ட பிறகு சங்கத்துக்கு வந்து அழுதால், எங்கள் கையும் பாதி கட்டப்பட்டிருக்கும்.

அந்த நாளில் தெரிய வேண்டியது என்ன? வேலை நிறுத்தம் செய்யப்படுவோர்க்கான நன்மைகள் பற்றிய 1980-ஆம் ஆண்டு விதிகள் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ளன. பன்னிரண்டு மாதமாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு அவை உரியவை. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குட்பட்ட சேவைக்கு 15 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனால் வருஷத்துக்கு 20 நாள். பன்னிரண்டு வருஷம் பால் வெட்டியவருக்கு 240 நாள் சம்பளம் ஆகிறது. இதற்குக் குறையக்கூடாது, கூட்டு ஒப்பந்தத்தில் கூடுதல் இருந்தால் அதுவே கிடைக்கும். முன்னறிவிப்புக் காலம் தனி. இப்படி வேலை போகும்போது, ஒப்பந்தத்தில் குறைந்த காலம் குறித்திருந்தாலும், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பு என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது.

இந்தக் கணக்கை இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? ஆகவே சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு, மாதந்தோறும், இந்த அறையில் ஒரு வகுப்பு நடக்க வேண்டும். அவரவர் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள். வரி வரியாகப் படிப்போம். சேமநிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், முதலாளி எவ்வளவு கட்டினார், சொக்சோவுக்கு எவ்வளவு, வெட்டிய நாள் எத்தனை, சீட்டில் உள்ள நாள் எத்தனை என்று பார்ப்போம். கூட்டு ஒப்பந்தத்தின் படி ஒன்று எப்போதும் அலமாரியின் முதல் தட்டில் இருக்க வேண்டும். அது அழுக்கேறித் தேய்ந்து போனால் எங்களுக்கு மகிழ்ச்சி. இன்னொரு படி அனுப்புகிறோம்.

இன்னொன்று. இன்று பல தோட்டங்களில் நம் பக்கத்து நிரையில் நிற்பவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவர். அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருப்பார். நம் தாத்தாவும் அப்படித்தான் வந்தார். ஆகவே ஒரு தட்டு மலாய்ப் புத்தகங்களுக்கு இருக்கட்டும். சம்பளச் சீட்டு வகுப்புக்கு அவரையும் அழையுங்கள். அவர் கூலியைக் குறைத்தால் நாளைக்கு நம் கூலியும் குறையும்.

கிராணிமார் செய்ய வேண்டியது

கிராணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குவார்ட்டர்ஸ் ஒரு பக்கம், லயம் ஒரு பக்கம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கோடு போட்டு வைத்தான். அந்தக் கோட்டை அழிக்கப் படிப்பகத்தை விட நல்ல இடம் கிடையாது. செக்ரோல் எழுதத் தெரிந்த உங்களுக்குப் புத்தகப் பதிவேடு எழுதுவது பெரிய காரியம் அல்ல. இரண்டு நோட்டுப் போதும். ஒன்றில் வந்த புத்தகம்: வரிசை எண், நாள், பெயர், ஆசிரியர், வாங்கியதா கொடையா என்ற குறிப்பு. மற்றொன்றில் போன புத்தகம்: யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எப்போது திரும்பியது. மாதக் கடைசியில் அதைக் கூட்டிப் பார்த்தால் எந்தப் புத்தகம் ஓடுகிறது, எது தூங்குகிறது என்று தெரிந்துவிடும். ஓடுகிற வகையை இன்னும் வாங்குங்கள். டவுன் பொது நூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். மாநில நூலகங்களுக்கு நடமாடும் வண்டிகள் உண்டு. கேட்கிற இடத்துக்குத்தான் அவை வரும்.

புத்தகம் தொலைந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். அபராதம் போட்டுப் பயமுறுத்தாதீர்கள். வருஷத்துக்கு நாலு புத்தகம் தொலையாத படிப்பகம், யாரும் படிக்காத படிப்பகம்.

பணத்துக்கு என்ன வழி? பிறர் கையை எதிர்பார்க்கலாகாது. வேல்ஸ் நாட்டின் தெற்கே டிரெடீகர் என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பவுனுக்கு இத்தனை பென்னி என்று பிடிக்கச் சொல்லி நூலகம் ஒன்றை நடத்தினார்கள். பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குப் போன அனூரின் பெவன் என்னும் பையன் அங்கே படித்துத்தான் அறிவு பெற்றான். அவனே பின்னர் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானான். ஏழை பணக்காரர் எல்லாருக்கும் காசில்லாமல் வைத்தியம் என்ற தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5-ஆம் நாள் அவர் கையால் தொடங்கியது. தொழிலாளி கொடுத்த பென்னி எத்தனை பேருக்கு மருந்தாயிற்று, பாருங்கள். இங்கே அறுபது வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் ஒரு வெள்ளி என்றால் வருஷத்துக்கு 720 வெள்ளி. ஒரு நாளிதழையும் கொஞ்சம் புதுப் புத்தகங்களையும் அதில் வாங்கலாம். நன்கொடையாளர் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்குவோம். ஆனால் நம் ஒரு வெள்ளி நிற்கக் கூடாது.

தோட்டம் போனாலும்

இறுதியாக, நம் மனத்தில் உள்ள பயத்தையும் பேசிவிடுவோம். இந்தத் தோட்டம் எத்தனை நாளைக்கு? ரப்பரை அழித்துச் செம்பனை வந்தது. செம்பனையை அழித்து வீட்டு நிலம் வந்தது. நம் உறவினர் பலர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். போகப் போகிற தோட்டத்தில் படிப்பகம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டதும் எங்கள் காதில் விழுந்தது.

அதே வேல்ஸ் நாட்டில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது தொழிலாளர் நூலகங்களின் புத்தகங்கள் சிதறின. அப்போது சிலர் விழித்துக்கொண்டு, மிஞ்சியவற்றைத் திரட்டி, 1973-இல் சுவான்சி நகரில் தென்வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகத்தை அமைத்தார்கள். முதியவர்களின் பேச்சையும் பதிந்து வைத்தார்கள். சுரங்கம் போயிற்று; சுரங்கத் தொழிலாளியின் அறிவு போகவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. ரப்பர் வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய லீ கொங் சியான் 1953-இல் சிங்கப்பூரில் நூலகம் கட்ட 375,000 வெள்ளி கொடுத்தார். அது எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழிகளுக்கு அதில் இடம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் அந்த நூலகம் 1960-இல் திறக்கப்பட்டது. ரப்பர்ப் பணம் என்றால் அதில் பால் வெட்டியவன் வியர்வையும் உண்டு. அந்தக் கட்டடம் 2004-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. ஆனால் நூலகம் மறையவில்லை. 2005-இல் விக்டோரியா ஸ்திரீட்டில் புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. தமிழ் நூல்களும் கூடவே போயின.

ஆகவே லயம் போனாலும் படிப்பகம் போக வேண்டியதில்லை. செயலவையும் பதிவேடும் படிக்கும் பழக்கமும் இருந்தால், அலமாரியை லாரியில் ஏற்றிக்கொண்டு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இறக்கிவைத்து, மறுநாளே வேலையைத் தொடங்கலாம். பழக்கம் இல்லாவிட்டால் லாரியில் ஏற்ற வெறும் மரப்பலகைதான் மிஞ்சும்.

தோழர்களே, தாய்மார்களே! மூன்று முடிவுகளை இன்றே எடுத்துவிட்டுக் கலையுங்கள். சாவிக்காரர் இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாதம் ஒரு வெள்ளிப் பட்டியலில் வீட்டு வரிசைப்படி பெயரை எழுதுங்கள். வருகிற சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, சம்பளச் சீட்டுடன் முதல் வகுப்புக்கு வாருங்கள். நாங்களும் வருகிறோம். மழை பெய்தாலும் வருகிறோம்.

வளர்க உங்கள் படிப்பகம்! ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!